மூளையின் அலைகளைக் கண்டவர்

தாம்பரம், பல்லாவரம், குரோம்பேட்டை முதலிய ஊர்களில், கடைத்தெருவிலோ இரயில் நிலையத்திலோ ஒருவர் வலிப்புக் கண்டு வீழ்ந்தால், அவர் கையில் சாவிக்கொத்தைத் திணிக்கும் வழக்கம் இன்றும் உண்டு. அதனால் பயன் ஏதும் இல்லை. அவரை ஒருக்களித்துக் கிடத்துவதே செய்யத்தக்கது. வலிப்புப் பெரும்பாலும் சில நிமிடங்களில் தானே அடங்கும். மக்களோ இரும்பே அதனை அடக்கிற்று என எண்ணினர். இந்நோய்க்கு முயலகன் என்பது பழம்பெயர். கொல்லி மழவனின் மகளைப் பற்றிய முயலகனைத் திருஞானசம்பந்தர் தீர்த்தருளிய வரலாற்றைப் பெரியபுராணம் கூறும். ஆடவல்லானின் திருவடிக்கீழ்க் கிடப்பவனுக்கும் அதுவே பெயர். கண்ணுக்குப் புலனாகாத பகையாதலின், அதற்கு ஓர் உருவம் கற்பித்தனர் போலும்!

அப்பகை மூளையில் நிகழ்த்துவதைக் கோடுகளாகக் காணும் வழியைத் தந்தவர் ஹான்ஸ் பெர்கர். இவர் ஜெர்மனியில் கோபர்க் நகரின் அருகே 1873ஆம் ஆண்டு மே 21ஆம் நாள் பிறந்தார். தந்தையார் மருத்துவர். தாயைப் பெற்ற பாட்டனார் புலவர் ரூக்கர்ட். நளவெண்பா கற்கும் நமக்கு அவர் அயலாரல்லர். நளன் கதையை ஜெர்மன் மொழியில் பாடியவர் அவரே.

பெர்கர் முதலில் வானநூல் பயிலத் தொடங்கினார். பின்னர்ப் படைப்பயிற்சியில் இருந்தபோது, ஒரு நாள் குதிரை மருண்டமையால், பீரங்கி வண்டியின் சக்கரத்தின் முன் வீழ்ந்தார். வண்டி நின்றது, மயிரிழையில் உயிர் பிழைத்தார். அன்று மாலையே தந்தையிடமிருந்து நலம் வினவித் தந்தி வந்தது. தொலைவிலிருந்த தமக்கை, தம்பிக்கு ஏதோ இடர் நேர்ந்ததென்று அஞ்சித் தந்தையை வற்புறுத்தினாராம். எண்ணம் ஓர் ஆற்றலாய் மனம் விட்டு மனம் செல்லுமோ என்ற ஐயம் அவரைப் பற்றிக்கொண்டது. அவ்வாறு செல்வதாக இன்றுவரை மெய்ப்பிக்கப்படவில்லை. எனினும் அவ்வையமே அவரை மருத்துவத்தின்பால் ஈர்த்தது.

யேனா நகரின் மனநோய் மருத்துவமனையில் 1897இல் சேர்ந்து, 1919இல் அதன் தலைவரானார். பகலெல்லாம் நோயாளரைக் கவனிப்பார். ஓய்ந்த பொழுதில் தனியே ஆராய்வார். விலங்குகளின் மூளையில் மின்னோட்டம் உண்டென்று ஆங்கிலேயர் கேட்டன் என்பார் 1875இலேயே கண்டிருந்தார். மனிதரிடத்து அதனை அளத்தல் எளிதோ? ஒரு வோல்ட்டின் பதினாயிரத்தில் ஒரு பங்கினும் அது பெரும்பாலும் குறைந்தது. கருவியும் அதற்கென அமைந்ததன்று. 1924ஆம் ஆண்டு ஜூலை 6ஆம் நாள், அறுவையால் மண்டையோட்டின் ஒரு பகுதி நீக்கப்பெற்ற பதினேழு வயது இளைஞனிடம் அந்நுண்ணிய அசைவைக் கண்டார். உடனே பறையறைந்தாரில்லை. கருவியின் பிழையோ, குருதியின் துடிப்போ என ஐயுற்று, தம் மகனையும் பன்முறை சோதித்தார். 1929இல்தான் முதற் கட்டுரையை வெளியிட்டார். கண்மூடி அமைதியாக இருக்கையில் நொடிக்குப் பத்தளவில் எழும் அலைகள், கண் திறந்ததும் மறைந்தன.

அறிஞர் பலர் நம்பவில்லை. 1934இல் கேம்பிரிட்ஜில் ஏட்ரியன் என்பவரும் மாத்யூஸ் என்பவரும் மெய்யெனக் காட்டினர். அடுத்த ஆண்டு பாஸ்டன் மருத்துவர்கள், நொடிப்பொழுது நினைவு தப்பும் சிறுவரிடம், நொடிக்கு மூன்றாக எழும் கூர்முனை அலைகளைக் கண்டனர். பாடத்தில் கருத்தில்லை என்று வகுப்பில் தண்டிக்கப்பெற்ற பிள்ளைகளுள் சிலர் நோயாளர் என்பதற்கு அதன்பின் சான்று கிடைத்தது.

பெர்கரின் வாழ்வில் ஒரு கறையும் உண்டு. 1933இல் நாஜி அரசு இயற்றிய சட்டம், பரம்பரை வலிப்பு நோயினர் முதலியோரை வலிந்து மலடாக்க வகை செய்தது. அவ்வழக்குகளை விசாரித்த யேனா மேல்முறை மன்றத்தில் அவரும் அமர்ந்தார். நோயை அறியக் கருவி தந்தவரே நோயாளர்க்கு இழைத்த கொடுமைக்குத் துணையானார். 1938இல் பணியினின்று விலகிய அவர், மனச்சோர்வு நோயுற்று 1941 ஜூன் 1ஆம் நாள் மறைந்தார்.

சென்னையில் 1951இல் இந்திய நரம்பியல் கழகத்தைத் தோற்றுவித்த நால்வருள் மருத்துவர் இராமமூர்த்தியும், மின்னலைப் பதிவில் வல்ல நரசிம்மனும் இருந்தனர். இன்று ஈ.ஈ.ஜி. எனப்படும் அச்சோதனையில், தலைமேல் பசையிட்டுச் சிறு தகடுகளை ஒட்டி, ஆழ மூச்சு வாங்கச் செய்தும் ஒளியை மின்னச் செய்தும் பதிகின்றனர். வலி சிறிதும் இல்லை. நோயிருந்தும் அலைகள் செம்மையாகத் தோன்றுவதுண்டு. ஆதலின் நேரிற் கண்டார் கூறுவதையும் மருத்துவர் கேட்பர். நம் நாட்டில் புழுக்கட்டியும் காசநோய்க் கட்டியும் வலிப்பை உண்டாக்குமாதலின், மூளையைப் படமெடுத்தும் பார்ப்பர்.