பதிவேடும் கலாயோகியும்

நடராசத் திருவுருவின் உட்பொருளை மேனாட்டார்க்கு விளங்க வைத்தவர் என்ற அளவிலேயே கலாயோகி ஆனந்த குமாரசுவாமியை நம் மாணவர் அறிவர். பண்டித வகுப்பிலே கலை பற்றிய பாடம் வருந்தோறும் நானும் அவர் பெயரை எடுத்தோதி வருகின்றேன். ஆயினும், முதலாம் உலகப் போர்க் காலத்தில், படைக்கு ஆள் திரட்டும் சட்டத்தின் முன்னே அவர் கொண்ட நிலையை அறிந்தோர் சிலரே. அவர் வரலாற்றில் இளைஞர் கருத்தூன்றிப் பயிலத்தக்க பகுதி அதுவே என்பது என் துணிபு.

அன்னார் 1877ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 22ஆம் நாள் கொழும்பிலே பிறந்தார். தந்தையார் சேர் முத்துக் குமாரசுவாமி, சட்ட நிரூபண சபையில் வீற்றிருந்தவர். வாய்மைக்காக அனைத்தையும் இழந்த அரிச்சந்திரன் கதையை ஆங்கிலத்தில் ஆக்கித் தந்தவர். தாயார் எலிசபெத் கிளே பீபி என்னும் ஆங்கிலப் பெண்மணி. பிள்ளைக்கு இரண்டு வயது நிரம்புமுன்னரே, 1879இல், தந்தையார் காலமானார். ஆகவே, தாய் பிறந்த இங்கிலாந்திலேயே ஆனந்தர் வளர்ந்தார், ஆங்கே கற்றார், இலண்டன் பல்கலைக்கழகத்திலே புவியியற் கல்வியில் தேர்ந்தார். 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிப்பொருள் ஆய்வுப் பகுதியின் தலைவராய் இருந்து, தோரியனைற்று என்னும் புதிய கனிப்பொருளைக் கண்டறிந்தார். கல்லைத் தேடிக் கிராமங்கள்தோறும் நடந்தவர், அக்கிராமங்களிலே கைவினைகள் நலிந்து போவதைக் கண்டு உளம் நொந்தார். அன்றுதொட்டு அவர் நெஞ்சம் கீழைநாட்டுக் கலைகளின்பாற் சென்றது.

1914இல் போர் மூண்டது. முதலில் இங்கிலாந்தின் இளைஞர் தாமாகவே படையிற் சேர்ந்தனர். நாட்செல்ல, அவ்வாறு வருவோர் தொகை போதாதாயிற்று. எத்தனை ஆடவர் எஞ்சியுள்ளனர் என அறிய விரும்பிய அரசினர், 1915ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15ஆம் நாளாகிய ஞாயிற்றுக்கிழமையன்று ஒரு தேசியப் பதிவேடு எழுதினர். 15 வயது முதல் 65 வயது வரையுள்ள ஆணும் பெண்ணும் பெயர், வயது, தொழில், தம்மை அண்டி வாழ்வோர் தொகை ஆகியவற்றை எழுதிக் கொடுக்க வேண்டியவராயினர். போருக்கேற்ற வயதினராய், இன்னும் படையிற் சேராத ஆடவர் ஏறத்தாழ 50 இலட்சம் பேர் என்பது அதனால் வெளிப்பட்டது. பதிவது மட்டுமே நோக்கம் என எண்ணியிருந்தோர், அடுத்து வருவது யாது என்பதை விரைவில் உணர்ந்தனர். 1916 சனவரியிலே கட்டாயப் படைச்சேவைச் சட்டம் பிறந்தது. 18 வயது நிரம்பி 41 வயது எய்தாத, மணமாகாத ஆடவர் முதலிலும், அவ்வாண்டு மே மாதத்தில் மணமானோரும் அதற்குள் அடங்கினர். ஆனந்தருக்கு அப்போது வயது 38. மனைவியும் மக்களும் உடையராயினும், மே மாதத்துக்குப் பின் சட்டத்துக்கு உட்பட்ட வயதினரே.

ஏட்டிலே வயதுக்கு இடமுண்டு, தொழிலுக்கு இடமுண்டு, மனச்சாட்சிக்கு இடமில்லை. ஆனால் சட்டத்திலே அதற்கும் ஒரு சிறு வாயில் திறந்திருந்தது. மனச்சாட்சி தடுக்கின்றது என்போர் நியாய சபையின் முன் சென்று விலக்குக் கேட்கலாம். அவ்வாறு மறுத்தோர் ஏறத்தாழ 16,000 பேர். அவர்களுள் ஆயிரக்கணக்கானோர் சிறை புகுந்தனர். 1916இல் பிரான்சுக்குக் கொண்டு செல்லப்பட்ட 35 பேருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டு, பின்னர் அது பத்தாண்டுச் சிறையாகக் குறைக்கப்பட்டது. மறுத்தல் எளிய செயலன்று என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

ஆனந்தரும் மறுத்தார். இந்தியா அடிமைப்பட்டுக் கிடக்கையில், அதனை அடிமைப்படுத்திய அரசின் படையிலே தாம் சேர்தல் முறையன்று என்பதே அவர் கூறிய காரணம். அக்காலத்து இலங்கை நிலையையும் ஈண்டு எண்ணிப் பார்த்தல் தகும். 1915 யூன் மாதத்தில் இங்கே இராணுவச் சட்டம் பிரகடனம் செய்யப்பட்டது. கொழும்பு நகர்க் காவற்படையிலே விரும்பிச் சேர்ந்து தலைவருமாயிருந்த எட்வேட் ஹென்றி பேதிரிஸ் என்னும் 26 வயது இளைஞர், இராசத் துரோகக் குற்றஞ் சாட்டப்பட்டு, யூலை 7ஆம் நாள் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த அநீதிகளை முறையிட இங்கிலாந்து சென்ற பொன்னம்பலம் இராமநாதன், ஆனந்தருக்கு அத்தை மைந்தர். அரசினர் தம் நாட்டிலே ஆட்களை எண்ணிக்கொண்டிருந்த அதே கோடையில், அவ்வரசின் சீருடை அணிந்த இலங்கையர் ஒருவர்க்கு அச்சீருடை காவலாகவில்லை.

இவ்வரலாற்றை வகுப்பிலே கூறியபோது மாணவர் ஒருவர் எழுந்து, பெற்ற தாயின் நாடு இடர்ப்படுகையில் உதவ மறுத்தல் நன்றி மறத்தல் ஆகாதா என வினவினார். ஒரே மகனின் கையிலே வேல் கொடுத்துப் போர்க்களம் அனுப்பிய தாயை ஒக்கூர் மாசாத்தியார் பாடியதையும் எடுத்துக்காட்டினார். நல்ல வினாவே. காந்தியடிகளும் 1918இல் குசராத்தின் கேடா மாவட்டத்திலே ஊர் ஊராக நடந்து ஆங்கிலப் படைக்கு ஆள் சேர்க்க முயன்றார் என்பதை மறைத்தலாகாது. இந்தியர் பத்து இலட்சத்தின் மேற்பட்டோர் கடல் கடந்து அப்போரிலே பணியாற்றினர். சான்றோரே இருவேறு நெறி நின்ற காலம் அது.

நான் கொண்ட விளக்கம் இது. உயிரைக் கொடுத்தல் கொடையெனின், கொடுப்பவனுக்கு அது முதலில் உரியதாதல் வேண்டும். மாசாத்தியார் பாடிய தாய் தன் மன்னனுக்காகத் தன் மகனைத் தானே அனுப்பினாள். எவரும் அவன் பெயரை ஏட்டிலெழுதி இழுத்துச் செல்லவில்லை. உரிமையற்ற நாட்டவனின் உயிரை உரிமையின் பெயரால் கேட்பதிலுள்ள முரண்பாட்டையே ஆனந்தர் கண்டார். பிள்ளையின் பெயர் படை ஏட்டில் ஏறுகையில் பெற்றவள் படும் பாட்டை இந்நாட்டவர்க்கு நான் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

மறுப்பின் விலையை ஆனந்தர் கொடுத்தார். வளர்ந்த நாட்டை விட்டு 1917இல் அமெரிக்கா சென்று, பொஸ்ரன் நுண்கலை அரும்பொருளகத்திலே இந்தியக் கலைப் பகுதியின் காப்பாளரானார். ஆங்கும் ஏடு அவரை விட்டபாடில்லை. 1918 செப்டெம்பர் 12ஆம் நாள், 18 முதல் 45 வயது வரையுள்ள ஆடவர் யாவரும், பிற நாட்டவரும் உட்பட, பெயர் பதிதல் வேண்டுமென அமெரிக்க அரசினர் விதித்தனர். ஆனந்தருக்கு அப்போது 41 வயது. இரண்டு திங்களில் போர் முடிந்தது. அவ்வாண்டிலேயே சிவ நடனம் பற்றிய அவரது புகழ்பெற்ற கட்டுரைத் தொகுதி நியூயோர்க்கிலே வெளிவந்தது.

அதன்பின் முப்பது ஆண்டுகள் பொஸ்ரனிலேயே பணி செய்தார். இங்கிலாந்து தன் ஆடவரைப் பதிந்த நாளுக்குச் சரியாக 32 ஆண்டுகளின் பின், 1947ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15ஆம் நாள் இந்தியா விடுதலை பெற்றது. அவர் மறுப்பிற்குரிய காரணம் அன்று நீங்கிற்று. ஒரு வாரத்தில் அவருக்கு 70 வயது நிறைந்தது. இந்தியா சென்று எஞ்சிய நாட்களைக் கழிக்க விரும்பியிருந்தார், அது கைகூடவில்லை. செப்டெம்பர் 9ஆம் நாள் மசச்சூசெற்ஸ் மாநிலத்திலுள்ள நீடம் என்னும் ஊரிலே அவர் ஆவி பிரிந்தது. பிறந்த நாடாகிய இலங்கை விடுதலையடைய அப்போது ஐந்து திங்கள் இருந்தன.