பிராங்க் ஸ்மைத்

பிராங்க் சிட்னி ஸ்மைத் (ஜூலை 6, 1900 – ஜூன் 27, 1949) ஓர் ஆங்கிலேய மலையேற்ற வீரரும், எழுத்தாளரும், ஒளிப்படக் கலைஞரும் ஆவார். இந்தியாவின் உத்தராகண்ட் மாநிலத்தில் உள்ள பூக்களின் பள்ளத்தாக்கினை வெளியுலகிற்குப் பரவலாக அறிமுகப்படுத்தியவர் இவரே. இன்று அப்பள்ளத்தாக்கு ஒரு தேசியப் பூங்காவாகவும், பல நாள் மலைநடைப் பயணத்திற்குப் பெயர்பெற்ற இடமாகவும் விளங்குகிறது.

இளமைக்காலம்

ஸ்மைத் இங்கிலாந்தின் கென்ட் மாவட்டத்தில் மெய்ட்ஸ்டோன் என்னும் ஊரில் பிறந்தார். சிறு வயதிலேயே தந்தையை இழந்தார். மின்பொறியியல் பயின்ற இவர், சிறிது காலம் அரச வான்படையில் பணியாற்றினார். உடல்நலக் குறைவு காரணமாக 1927 இல் அப்பணியிலிருந்து விடுவிக்கப்பட்டார். எனினும் 1927, 1928 ஆகிய ஆண்டுகளில் கிரகாம் பிரவுன் என்பவருடன் இணைந்து, ஆல்ப்ஸ் மலையின் மோன் பிளாங்க் சிகரத்தில் பிரென்வா முகத்தின் வழியே இரு புதிய பாதைகளில் ஏறினார்.

இமயமலைப் பயணங்கள்

1930 இல் கஞ்சன்சங்காவிற்குச் சென்ற பன்னாட்டுக் குழுவில் ஸ்மைத் இடம்பெற்றார். அடுத்த ஆண்டு இவர் தலைமையில் சென்ற குழு, கார்வால் இமயமலையில் உள்ள 7,756 மீட்டர் உயரமான காமெட் சிகரத்தை அடைந்தது. அதுவரை மனிதர் ஏறிய சிகரங்களில் அதுவே மிக உயரமானது. எரிக் ஷிப்டன், ஹோல்ட்ஸ்வொர்த் ஆகியோருடன் லேவா என்னும் செர்பாவும் ஜூன் 21, 1931 அன்று உச்சியை அடைந்தார். பின்னர் ஏறிய இரண்டாம் அணியில் கேசர் சிங் என்ற உள்ளூர்க்காரரும் உச்சியை எட்டினார்.

1933, 1936, 1938 ஆகிய ஆண்டுகளின் எவரெஸ்ட் பயணங்களிலும் இவர் பங்கேற்றார். 1933 இல் உடன்வந்த ஷிப்டன் திரும்பிவிட, ஆக்சிசன் உருளை இன்றித் தனியாகச் சுமார் 8,570 மீட்டர் வரை ஏறினார். அங்கு பனியின் நிலை பாதுகாப்பற்றது எனக் கண்டு திரும்பினார்.

பூக்களின் பள்ளத்தாக்கு

காமெட் பயணம் முடிந்து திரும்புகையில், குழுவினர் பியூந்தர் கணவாயைக் கடந்து பியூந்தர் பள்ளத்தாக்கில் இறங்கினர். மழைக்காலமாதலால் புல்வெளி எங்கும் பூக்கள் மலர்ந்திருந்தன. 1937 இல் ஸ்மைத் மீண்டும் இங்கு வந்து, பல வாரங்கள் தங்கித் தாவரங்களையும் விதைகளையும் சேகரித்தார். அப்பயணத்திலேயே நீலகிரி பர்பத் (6,474 மீ), மானா சிகரம் (7,272 மீ) ஆகியவற்றிலும் ஏறினார். இந்த நீலகிரி, தமிழ்நாட்டின் நீலகிரியிலிருந்து வேறானது. இவரது 'பூக்களின் பள்ளத்தாக்கு' என்னும் ஆங்கில நூல் 1938 இல் வெளியானது. 1939 இல் இங்கு தாவரங்களைச் சேகரிக்க வந்த ஜோன் மார்கரெட் லெக் என்ற பெண்மணி பாறையில் வழுக்கி விழுந்து இறந்தார். அவரது நினைவுக்கல் பள்ளத்தாக்கில் உள்ளது.

ஸ்மைத்தின் வருகைக்கு முன்பே உள்ளூர் ஆயர்கள் இப்பள்ளத்தாக்கைக் கோடைகால மேய்ச்சல் நிலமாகப் பயன்படுத்தி வந்தனர். எனவே இவரை அதன் கண்டுபிடிப்பாளர் என்று கூறுவது பொருந்தாது.

பிற்காலம்

இரண்டாம் உலகப் போரின்போது படைவீரர்களுக்கு மலைப்பயிற்சி அளித்தார். 1944 இல் கனடாவின் ஜாஸ்பர் தேசியப் பூங்காவில் லோவாட் ஸ்கவுட்ஸ் படையினருக்குப் பயிற்சி தந்தார். 1949 இல் இந்தியா வந்தபோது மலேரியாவால் பாதிக்கப்பட்டு, இங்கிலாந்து திரும்பிய பின் தமது 48 ஆம் வயதில் காலமானார். கனடாவின் ராக்கி மலைத்தொடரில் ஒரு சிகரம் இவரது பெயரைத் தாங்கியுள்ளது.

தேசியப் பூங்கா

87.5 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இப்பள்ளத்தாக்கு 1982 இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 2005 இல், ஏற்கெனவே 1988 இல் யுனெஸ்கோ உலக பாரம்பரியக் களமாகியிருந்த நந்தாதேவி தேசியப் பூங்காவுடன் இதுவும் சேர்க்கப்பட்டது. நடைப்பயணிகள் கோவிந்த்காட்டிலிருந்து காங்கரியா சென்று தங்கி, பகலில் மட்டும் பூங்காவிற்குள் சென்று வருகின்றனர். உள்ளே கூடாரமிட்டுத் தங்க அனுமதி இல்லை.

பூங்கா அமைந்தபின் மேய்ச்சல் தடைசெய்யப்பட்டது. ஆயர்கள் தங்கள் மேய்ச்சல் நிலத்தை இழந்தனர். கால்நடைகள் மேயாததால், வேகமாகப் பரவும் ஒருவகை உயரச் செடி பிற பூச்செடிகளை நெருக்குகிறது என்ற கருத்தும் உண்டு. வேறு சில ஆய்வாளர்கள் இதனை ஏற்பதில்லை. வனத்துறையினர் இச்செடியை அகற்றி வருகின்றனர்.