குழந்தைக்கு மார்க் போட்ட டாக்டர்

பிறந்து ஒரே நிமிடம் ஆன குழந்தைக்குப் பரீட்சை!

அதை வைத்தவர் ஒரு பெண் டாக்டர். பெயர், வர்ஜீனியா அப்கார்.

அமெரிக்காவில் நியூஜெர்சி மாகாணத்தில் 1909-ம் ஆண்டு பிறந்தார். 1933-ல் நியூயார்க் கொலம்பியா மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார்.

ஆபரேஷன் செய்யும் டாக்டர் ஆகவேண்டும் என்பது அவர் ஆசை. பெண்ணுக்கு அதில் பிழைப்பு நடக்காது என்று பேராசிரியர் தடுத்தார். மயக்க மருந்துத் துறைக்குப் போகச் சொன்னார். போனார். அதுவே நல்லதாயிற்று!

ஓரத்தில் கிடந்த குழந்தை

மயக்க மருந்து கொடுக்கப் பிரசவ அறைக்குப் போவார். அங்கே எல்லோர் கண்ணும் தாய் மீதுதான் இருக்கும்.

மாதம் நிறையாமல் பிறக்கும் குழந்தைக்கு நுரையீரல் முற்றியிருக்காது. உள்ளே இருக்கும் சின்னஞ்சிறு காற்றுப் பைகள் ஒட்டிக்கொள்ளும். மூச்சு திணறும். உடம்பு நீலம் பாயும்.

அப்படிப்பட்ட குழந்தை பிழைக்காது என்று முடிவு கட்டி, ஓரத்தில் போட்டுவிடுவதும் உண்டு. உயிர் இருக்கும்போதே!

இதை அப்கார் பொறுக்கவில்லை.

ஐந்து பாடம், பத்து மார்க்

நாடித் துடிப்பு, மூச்சு, கை கால் அசைவு, தொட்டால் சிணுங்குகிறதா என்பது, உடம்பின் நிறம். இந்த ஐந்தையும் பார்க்கவேண்டும். ஒவ்வொன்றுக்கும் 0, 1 அல்லது 2. மொத்தம் 10.

1953-ல் இதை வெளியிட்டார்.

மார்க் போடவேண்டும் என்றால், குழந்தையைப் பார்த்துத்தானே ஆகவேண்டும்? குறைந்த மார்க் வாங்கிய குழந்தைக்குச் சளியை உறிஞ்சி எடுத்தார்கள். பிராணவாயு கொடுத்தார்கள். ஐந்தாவது நிமிடம் மறுபடியும் மார்க் போட்டார்கள்.

இன்னொன்றும் தெரியவந்தது. தாய்க்குக் கொடுத்த 'சைக்ளோபுரோப்பேன்' என்ற மயக்க வாயு, குழந்தையின் மூச்சையும் மந்தமாக்கியது. அப்காருக்கு மிகவும் பிடித்த வாயு அது. ஆனாலும் பிரசவத்தில் அதைக் கைவிட்டார்.

1971-ல், குழாய் வழியே காற்றை இடைவிடாது அழுத்திக் கொடுத்து, குறைமாதக் குழந்தையின் நுரையீரலை விரிந்தபடியே வைக்கும் முறை அமெரிக்காவில் வெளியாயிற்று. அதையும் பார்க்க அப்கார் இருந்தார்.

இன்று மூச்சு விடாத குழந்தைக்கு மார்க் போடும் வரை காத்திருப்பதில்லை. உடனே காற்று கொடுக்கிறார்கள். குறைமாதக் குழந்தைக்கு இயல்பாகவே மார்க் குறையும் என்பதும் டாக்டர்களுக்குத் தெரியும். ஆனாலும் மார்க் போடுவது நிற்கவில்லை.

அப்காரின் கைப்பையில் எப்போதும் ஒரு சிறு கத்தியும், தொண்டைக்குள் செலுத்தும் குழாயும் இருக்கும். வழியில் யாருக்காவது மூச்சு அடைத்துவிட்டால்?

1974 ஆகஸ்டு மாதம், தாம் வேலை பார்த்த அதே நியூயார்க் ஆஸ்பத்திரியில் காலமானார். அப்போது அவருக்கு வயது 65.