கூரையடி அறையில் ஒரு வால்வும் ஒரு ஹெட்போனும்: வானொலிக்குப் புது உயிர் தந்த ஆம்ஸ்ட்ராங்

1912ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் ஓர் இரவு. நியூயார்க்குக்கு வடக்கே, ஹட்சன் ஆற்றைப் பார்த்தபடி நிற்கும் யோங்கர்ஸ் நகர வீடொன்றில் எல்லாரும் உறங்கிவிட்டனர். கூரையடி அறையில் மட்டும் விளக்கு அணையவில்லை. 21 வயதுக் கல்லூரி மாணவர் ஒருவர் ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு, தாமே இணைத்த மின்சுற்றை மெல்லச் சரிசெய்துகொண்டிருந்தார்.

அதுவரை காதைத் தீட்டிக்கொண்டு கேட்டால்தான் பிடிபடும் தொலைதூரத் தந்தி ஒலிகள், திடீரென உரக்கக் கேட்கத் தொடங்கின. ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தார். அப்போதும் கேட்டது. மகிழ்ச்சி தாங்காமல் தங்கையின் அறைக்கு ஓடி, தூங்கிக்கொண்டிருந்தவரை எழுப்பிவிட்டார்.

அந்த மாணவரின் பெயர் எட்வின் ஹோவர்ட் ஆம்ஸ்ட்ராங். நிலவில் கால் வைத்த ஆம்ஸ்ட்ராங் வேறு. ஆனால் காலையில் காரில் ஏறியதும் ஒலி 96.8 கேட்கும் சிங்கப்பூரரும் மின்னல் பண்பலை கேட்கும் மலேசியரும் இவருக்குத்தான் கடன்பட்டிருக்கிறார்கள்.

பள்ளி செல்லாத ஈராண்டுகள்

1890 டிசம்பர் 18ஆம் தேதி நியூயார்க்கில் பிறந்தவர் ஹோவர்ட். தந்தை, ஆக்ஸ்ஃபர்ட் பல்கலைக்கழகப் பதிப்பகத்தின் அமெரிக்கக் கிளையில் பணியாற்றியவர். தாயார் ஆசிரியை. சிறு வயதில் ஹோவர்டுக்கு ஒரு நரம்பு நோய் வந்தது. கை கால்கள் தாமாகவே வெட்டி இழுக்கும். ஈராண்டுகள் பள்ளிக்கே அனுப்பவில்லை. நோய் போனாலும், பதற்றம் வரும்போது தோளும் கழுத்தும் துடிக்கும் பழக்கம் கடைசிவரை ஒட்டிக்கொண்டது.

தனிமையில் வளர்ந்த பிள்ளைக்கு மார்க்கோனியின் கதை பெரும் துணையாயிற்று. கம்பியில்லாத் தந்திக் கருவிகளைத் தாமே கட்டினார். யோங்கர்ஸ் வீட்டு முற்றத்தில் 125 அடி உயரத்திற்கு ஓர் ஏரியல் கம்பத்தையும் எழுப்பினார். உயரம் என்றால் அவருக்கு அச்சமே இல்லை. இந்த ஒரு குணம் பிற்பாடு அவருக்குச் சிக்கலையும் கொண்டுவந்தது.

கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மின்பொறியியல் படித்த நாள்களில், தந்தை வாங்கித் தந்த சிவப்பு மோட்டார் சைக்கிளில்தான் வகுப்புக்குப் போய்வருவார். பேராசிரியர் சொல்வதை அப்படியே ஏற்றுக்கொள்ளும் மாணவர் அல்லர். செய்து பார்த்து, அளந்து பார்த்து, அதன் பிறகுதான் நம்புவார்.

வால்வுக்குள் நடந்தது என்ன?

லீ டி ஃபாரஸ்ட் என்பவர் 1906இல் ஆடியான் என்ற குழாயை உருவாக்கியிருந்தார். பார்ப்பதற்கு மின்குமிழ் போலவே இருக்கும். உள்ளே மூன்று உறுப்புகள். சூடேறி எலக்ட்ரான்களை உமிழும் இழை ஒன்று. அவற்றை இழுத்துக்கொள்ளும் தகடு ஒன்று. இரண்டுக்கும் நடுவில் கம்பி வலை ஒன்று. வலையில் விழும் சிறு மின்னழுத்தம், தகட்டுக்குப் பாயும் மின்னோட்டத்தைக் கூட்டிக் குறைக்கும். வாய்க்காலில் மடை வைப்பது போலத்தான். மடைப்பலகையை அசைக்கச் சிறு பலம் போதும், பாய்வதோ பெருவெள்ளம்.

வியப்பு என்னவென்றால், அதைக் கண்டுபிடித்தவருக்கே அது எப்படி வேலை செய்கிறது என்பது சரியாகப் புரிந்திருக்கவில்லை. ஆம்ஸ்ட்ராங் பொறுமையாக அளந்தார். தகட்டுச் சுற்றிலும் வானொலி அலையின் துடிப்பு இருப்பதைக் கண்டார். அப்படியானால், பெருக்கப்பட்ட அந்தத் துடிப்பில் ஒரு பகுதியைத் திருப்பி எடுத்து, மறுபடியும் வலைக்கே கொடுத்தால்? அது மீண்டும் பெருகும்; மீண்டும் திரும்பும்; ஒரே வால்வு பல வால்வுகளின் வேலையைச் செய்யும். இதைத்தான் அந்த இரவு அவர் செய்து காட்டினார். மீளூட்டம் என்பது இதற்குத் தமிழில் வழங்கும் பெயர்.

கோயில் திருவிழாவிலோ கல்யாண மண்டபத்திலோ ஒலிபெருக்கிக்கு எதிரே மைக்கைப் பிடித்தால் காதைக் கிழிக்கும் வீறிடல் எழுமே, அதுவும் இதே மீளூட்டம்தான். அளவோடு நிறுத்தினால் பெருக்கம். அளவு மீறினால் வால்வு தானே அலைவுகளை உண்டாக்கத் தொடங்கிவிடும். ஆம்ஸ்ட்ராங் இதையும் கவனித்தார். வீறிடும் அந்த வால்வையே ஒலிபரப்பியாகப் பயன்படுத்தலாம் என்பதும் அவருக்குப் புரிந்தது. வானலையைப் பிடிக்கவும் அனுப்பவும் ஒரே சுற்று!

இன்றும் வால்வு வைத்த ஹெட்போன் பெருக்கிகளை வீட்டிலேயே பற்றவைத்துச் செய்யும் ஆர்வலர்கள் உலகெங்கும் உள்ளனர். அவர்கள் விரும்பி வாங்கும் 12ஏயூ7 போன்ற வால்வுகளில் இதே இழை, வலை, தகடு ஏற்பாடு ஒரே கண்ணாடிக் குடுவைக்குள் இரட்டையாக இருக்கிறது. ஆனால் இசைக்கான பெருக்கியில் மீளூட்டம் எதிர்த்திசையில் பயன்படுகிறது. ஒலியைப் பெருக்க அல்ல, பிசிறைக் குறைக்க. (செய்து பார்க்க ஆசைப்படுவோர் ஒன்றை மறக்க வேண்டாம். பல வால்வுச் சுற்றுகளில் தகட்டுக்கு 100 வோல்ட்டுக்கும் மேல் தேவைப்படும். மின்சாரத்தை நிறுத்திய பிறகும் மின்தேக்கிகளில் அது தங்கியிருக்கும். விவரம் தெரிந்தவர் பக்கத்தில் இருப்பது நல்லது.)

காப்புரிமைக்குப் பணம் இல்லை

கண்டுபிடிப்பைப் பதிவுசெய்யத் தந்தையிடம் பணம் கேட்டார் ஹோவர்ட். முதலில் பட்டத்தை வாங்கு, பிறகு பார்க்கலாம் என்று தந்தை மறுத்துவிட்டார். நம் வீடுகளிலும் கேட்டுப் பழகிய பதில்தான். மோட்டார் சைக்கிளை விற்றும் பணம் போதவில்லை. மாமா ஒருவரின் யோசனைப்படி, சுற்றின் வரைபடத்தில் மட்டும் சாட்சிக் கையெழுத்தும் முத்திரையும் வாங்கி வைத்துக்கொண்டார். அந்தத் தாளில் உள்ள தேதி 1913 ஜனவரி 31.

சரியாக ஓராண்டு கழித்து, 1914 ஜனவரி 31 விடிவதற்கு முன், நியூ ஜெர்சியின் பெல்மார் நிலையத்தில் மார்க்கோனி நிறுவனத்தின் இளம் அதிகாரி ஒருவருக்குத் தம் கருவியை இயக்கிக் காட்டினார். அட்லாண்டிக்கைத் தாண்டி அயர்லாந்திலிருந்து வந்த தந்தியும் பசிபிக்கின் நடுவே ஹவாயிலிருந்து வந்த தந்தியும் தெளிவாகக் கேட்டன. அசந்துபோன அந்த அதிகாரி டேவிட் சார்னோஃப். பின்னாளில் ஆர்சிஏ என்ற மாபெரும் வானொலி நிறுவனத்தை ஆண்டவர். ஆம்ஸ்ட்ராங்கின் நெருங்கிய நண்பராகவும், கடைசியில் கொடிய எதிரியாகவும் ஆனவர்.

முதல் உலகப் போரில் அமெரிக்க ராணுவத் தொடர்புப் படையில் சேர்ந்து பாரிஸ் சென்றார் ஆம்ஸ்ட்ராங். அங்கே 1918இல் சூப்பர்ஹெட்ரோடைன் என்ற இரண்டாவது கண்டுபிடிப்பு பிறந்தது. எந்த நிலையத்தின் அலையாக இருந்தாலும் அதை ஒரே நிலையான அலைவரிசைக்கு மாற்றிவிட்டுப் பெருக்கும் முறை அது. பிறகு வந்த வானொலிப் பெட்டிகளும் தொலைக்காட்சிகளும் பெரும்பாலும் இந்த வழியிலேயே இயங்கின.

காப்புரிமைகளை வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனத்துக்கும் ஆர்சிஏவுக்கும் விற்றதில் பெருஞ்செல்வம் சேர்ந்தது. ஆர்சிஏ நிறுவனத்தின் பங்குகளை ஆக அதிகமாக வைத்திருந்த தனிமனிதர் ஆனார். சார்னோஃபின் செயலாளராக இருந்த மேரியனைக் காதலித்தார். 1923இல் நியூயார்க் கட்டடம் ஒன்றின் மேல் நின்ற ஆர்சிஏ ஒலிபரப்புக் கோபுரத்தின் உச்சிக்கே ஏறிப் படம் எடுத்துக்கொண்டார். மேரியனைக் கவரச் செய்த சாகசம் என்பார்கள். சார்னோஃப் கடுங்கோபத்தில் அவர் அந்தப் பக்கம் வரவே தடை விதித்தார். அதே ஆண்டு டிசம்பரில் திருமணம். பெட்டி போல் தூக்கிச் செல்லும் சூப்பர்ஹெட்ரோடைன் வானொலி ஒன்றைத் தாமே செய்து மணப்பெண்ணுக்குப் பரிசளித்தார்.

கழற்றித் தர முயன்ற பதக்கம்

மீளூட்டத்தைத் தாமே முதலில் கண்டதாக டி ஃபாரஸ்ட் வழக்குத் தொடுத்திருந்தார். 1912 ஆகஸ்டில் அவருடைய குழு எழுதிய குறிப்பேட்டில் ஒரு சுற்று வீறிட்டது என்ற பதிவு இருந்தது. அந்த ஒலியை அவர்கள் தொல்லையாகக் கருதி ஒழிக்கப் பார்த்தார்கள். அதன் பயனை உணரவில்லை. ஆயினும் தேதி முந்தியது.

ஏறத்தாழ 20 ஆண்டுகள் இழுத்த வழக்கில், முதலில் ஆம்ஸ்ட்ராங் வென்றார். பிறகு மாறி மாறித் தீர்ப்புகள். 1934 மே மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் டி ஃபாரஸ்ட் பக்கம் முடித்துவைத்தது. நீதிபதிகளுக்கு மின்சுற்றே புரியவில்லை என்று பொறியாளர்கள் பலர் குமைந்தனர்.

சில நாள்களில் பிலடெல்பியாவில் வானொலிப் பொறியாளர் சங்க மாநாடு. மீளூட்டத்துக்காக அச்சங்கம் தமக்கு வழங்கியிருந்த கௌரவப் பதக்கத்தைத் திருப்பிக் கொடுக்கவே ஆம்ஸ்ட்ராங் அங்கு போனார். அவர் பேசுவதற்கு முன்பே சங்கத் தலைவர் எழுந்து, பதக்கம் அவருக்கே உரியது, திரும்பப் பெறமாட்டோம் என்று அறிவித்தார். அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. சட்டம் தராததை உடன் உழைப்பவர்கள் தந்தார்கள். அவர் வாழ்வில் அதைவிடப் பெரிய ஆறுதல் பிறகு வாய்க்கவில்லை என்றே தோன்றுகிறது.

இரைச்சல் இல்லாத வானொலி

இடிமழை நேரத்தில் பழைய மத்திய அலை வானொலி கேட்டவர்களுக்கு அந்தக் கரகரப்பு நினைவிருக்கும். மின்னல் அலையின் உயரத்தைக் குலைக்கிறது. அக்கால வானொலியோ உயரத்தில்தான் ஒலியை ஏற்றி அனுப்பியது. ஒலியை அலையின் அதிர்வெண்ணில் ஏற்றினால் என்ன? பயனில்லை என்று கணித வல்லுநர்கள் முன்பே கைவிட்டிருந்தனர். அவர்கள் குறுகிய அலைப்பட்டையை வைத்துக் கணக்குப் போட்டார்கள். ஆம்ஸ்ட்ராங் பட்டையை அகலமாக்கினார். 1933இல் காப்புரிமைகள் கிடைத்தன. அதுதான் பண்பலை.

1935 நவம்பரில் நியூயார்க்கில் பொறியாளர்கள் முன் அதை இயக்கிக் காட்டினார். யோங்கர்ஸிலிருந்து நண்பர் ஒருவர் ஒலிபரப்பினார். குவளையில் தண்ணீர் ஊற்றும் ஓசையும் காகிதம் கசங்கும் ஓசையும் அருகில் நடப்பது போலவே கேட்டன.

சார்னோஃபுக்கு வேண்டியிருந்தது கரகரப்பைப் போக்க ஒரு சிறு கருவி. வந்து நின்றதோ, அவர் கட்டியெழுப்பிய வானொலிப் பேரரசையே பழசாக்கிவிடும் புதிய முறை. அவர் மனமெல்லாம் தொலைக்காட்சியில் இருந்தது. எம்பயர் ஸ்டேட் கட்டடத்தில் நடந்துகொண்டிருந்த பண்பலைச் சோதனைகள் நிறுத்தப்பட்டன. ஆம்ஸ்ட்ராங் சொந்தப் பணத்தைக் கொட்டி, நியூ ஜெர்சியின் அல்பைனில் 400 அடிக்கும் மேல் உயர்ந்த கோபுரத்தை எழுப்பித் தாமே ஒலிபரப்பினார்.

1940இல் பண்பலைக் காப்புரிமைக்கு ஒரு மில்லியன் டாலர் தர ஆர்சிஏ முன்வந்தது. மற்ற நிறுவனங்கள் விற்பனைக்கு ஏற்பப் பங்கு தரும்போது ஆர்சிஏவுக்கு மட்டும் தனிச்சலுகை கூடாது என்று மறுத்தார். நியாயம் அவர் பக்கம் இருந்தது. ஆனால் விட்டுக்கொடுக்கத் தெரியாத அந்தப் பிடிவாதத்துக்கு அவர் கொடுத்த விலை அதிகம்.

இரண்டாம் உலகப் போரில் தம் காப்புரிமைகளை ராணுவம் இலவசமாகப் பயன்படுத்த அனுமதித்தார். போர் முடியும் நேரத்தில், 1945இல், அமெரிக்கத் தொடர்பு ஆணையம் பண்பலையை 42 முதல் 50 மெகாஹெர்ட்ஸ் வரையிலான இடத்திலிருந்து அகற்றி, 88க்கு மேலே கொண்டுபோய் வைத்தது. மக்கள் வாங்கியிருந்த இலட்சக்கணக்கான பெட்டிகள் ஒரேயடியாக உதவாமற்போயின. நம் ஊர் நிலையங்கள் 96, 99 என்ற எண்களில் ஒலிப்பதற்கும் அந்த இடமாற்றமே காரணம்.

1948இல் ஆர்சிஏமீது வழக்குத் தொடுத்தார். வழக்கறிஞர்கள் ஆண்டுக்கணக்கில் கேள்விகளால் இழுத்தடித்தனர். 1950இல் அடிப்படைக் காப்புரிமைகள் காலாவதியாயின. வருமானம் நின்றது, செலவு நிற்கவில்லை. முதுமைக்கென வைத்திருந்த பணத்தைத் தரும்படி மனைவியிடம் கேட்கும் நிலை வந்தது. 1953 நவம்பரில் அது சண்டையாக முற்றி, இரும்புக் கம்பியால் மேரியனின் கையில் அடித்துவிட்டார். 30 ஆண்டுகள் உடன் வாழ்ந்தவர் வீட்டைவிட்டு வெளியேறித் தம் சகோதரி வீட்டுக்குப் போய்விட்டார்.

1954 ஜனவரி 31ஆம் தேதி இரவு, நியூயார்க் குடியிருப்பில் தனியாக இருந்த ஆம்ஸ்ட்ராங் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். வயது 63. வரைபடத்தில் முத்திரை வாங்கியதும், பெல்மாரில் சார்னோஃபோடு அமர்ந்து உலகத்தைக் கேட்டதும் இதே தேதியில்தான்.

மேரியன் ஒதுங்கிவிடவில்லை. அந்த ஆண்டே ஆர்சிஏ ஒரு மில்லியன் டாலருக்குச் சற்று மேலே கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது. 14 ஆண்டுகளுக்கு முன் தர முன்வந்த தொகையும் ஏறக்குறைய அதுவே. மற்ற நிறுவனங்கள்மீதான வழக்குகளை அவர் ஒவ்வொன்றாக நடத்தினார். கடைசி வழக்கு மோட்டோரோலாவுக்கு எதிரானது. அதில் 1967இல் வென்றார்.

அல்பைன் கோபுரம் இன்னும் நிற்கிறது. 2001 செப்டம்பரில் உலக வர்த்தக மையம் இடிந்து, அதன் உச்சியில் இருந்த ஒலிபரப்புக் கருவிகள் அழிந்தபோது, நியூயார்க்கின் தொலைக்காட்சி நிலையங்கள் சில அந்தக் கோபுரத்திலிருந்துதான் மறுபடியும் ஒளிபரப்பைத் தொடங்கின.