ஆறு நிமிடம் பதினொரு விநாடி

காஹாங்கில் வளர்ந்த எனக்குச் சாலை என்றாலே குளுவாங்கிலிருந்து மெர்சிங் செல்லும் சாலைதான். இருபுறமும் செம்பனை, முன்னால் பழக்குலை ஏற்றிய லோரி, முந்த வழிவிடாத வளைவுகள். அச்சாலையில் இருபது கிலோமீட்டருக்கு அரை மணி நேரம் பிடித்தாலும் யாரும் குறை சொல்லமாட்டார்கள். ஜெர்மனியின் ஐஃபெல் காட்டுக்குள் ஏறி இறங்கும் நூர்பர்க்ரிங் பாதையும் ஏறத்தாழ அதே தூரம்தான், 20.832 கிலோமீட்டர். அதை 1983-ஆம் ஆண்டு மே மாதம் ஓர் இளைஞர் 6 நிமிடம் 11.13 விநாடியில் சுற்றி முடித்தார். கணக்கிட்டுப் பார்த்தேன். வளைவுகளையும் சேர்த்துச் சராசரி வேகம் மணிக்கு 202 கிலோமீட்டர்!

அவர் பெயர் ஸ்டெஃபான் பெல்லோஃப். 1957 நவம்பர் 20-இல் கீசன் நகரில் பிறந்தவர். சிறு 'கார்ட்' வண்டிகளில் தொடங்கி, 1982-இல் ஃபார்முலா 2-க்கு வந்தவுடன் முதல் இரண்டு பந்தயங்களையும் வென்றார். மறு ஆண்டே போர்ஷே நிறுவனம் அவரை அழைத்துக்கொண்டது. அனுபவம் மிகுந்த டெரெக் பெல்லுடன் இணைந்து, முதல் போட்டியான சில்வர்ஸ்டோன் 1000 கிலோமீட்டரையும் வென்றார்.

அவர் ஓட்டிய போர்ஷே 956 பற்றிச் சற்று விரிவாகச் சொல்லியாக வேண்டும். நெடுந்தூரப் பந்தயத்திற்கென்றே பிறந்த வாகனம் அது. 2.65 லிட்டர் இயந்திரம், இரண்டு டர்போ, அறுநூறு குதிரைத்திறனுக்கு மேல். வண்டியின் அடிப்பாகம் காற்றின் அழுத்தத்தைக் குறைத்து, வண்டியைத் தரையோடு அழுத்திப் பிடிக்கும். ஆகவே, வேகம் கூடக் கூட வளைவில் பிடிப்பும் கூடும். இதை நம்ப மனம் துணிய வேண்டும். பயந்து வேகத்தைக் குறைப்பவருக்குப் பிடிப்பும் குறைந்துவிடும். பெல்லோஃப் நம்பினார். அந்தச் சுற்றில் தம் அணியிலேயே இரண்டாவதாக வந்த ஜோகன் மாஸைவிட ஐந்து விநாடிகளுக்கு மேல் முந்தினார். ஆனால், மறுநாள் பந்தயத்தில் பிளான்ஸ்கார்டன் மேட்டில் வண்டி காற்றில் எழும்பி நொறுங்கியது. அவர் காயமின்றி நடந்து வந்தார். வெற்றி மாஸுக்கும் ஜாக்கி இக்ஸுக்கும் போயிற்று.

இந்த இக்ஸ் என்ற பெயரை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்க.

1984-இல் மொனாக்கோவின் அடைமழையில், டர்போ இல்லாத டைரல் வண்டியில் கடைசி இடத்திலிருந்து புறப்பட்ட பெல்லோஃப் மூன்றாமிடத்துக்கு வந்துவிட்டார். முன்னால் செல்பவர்களை நெருங்கிக்கொண்டிருந்தபோது பந்தயம் நிறுத்தப்பட்டது. நிறுத்தச் செய்த அதிகாரி இக்ஸ்! பிறகு விதிமீறலுக்காக டைரல் அணியின் அவ்வாண்டு முடிவுகள் அனைத்தும் நீக்கப்பட்டன, மூன்றாமிடமும் போயிற்று. ஆனால், நெடுந்தூரப் பந்தயத்தில் அதே ஆண்டு அவர் உலக வெற்றியாளரானார்.

1985-இல் தனியார் அணியான புருன்னுக்காக 956-ஐ ஓட்டினார். இவ்வகை வண்டியில் ஓட்டுநரின் பாதங்கள் முன் அச்சுக்கும் முன்னால் இருக்கும். அமெரிக்க விதிகள் இதை ஏற்காததால், முன் சக்கரங்களை முன்னே தள்ளி 962 என்ற புதிய வடிவம் ஏற்கனவே வந்திருந்தது. செப்டம்பர் 1-ஆம் நாள் பெல்ஜியத்தின் ஸ்பா பாதையில், ஓ ரூஜ் வளைவுக்குள் நுழையும்போது அவர் ஒரு 962-ஐ முந்த முயன்றார். அதை ஓட்டியவர் இக்ஸ். இரண்டும் உரசின. பெல்லோஃபின் வண்டி தடுப்பில் நேராக மோதியது. அவருக்கு வயது 27.

அவ்விடத்தில் முந்தியிருக்கக் கூடாது என்பார் உண்டு. என் எண்ணமும் அதுவே. ஆயினும், நூர்பர்க்ரிங்கில் அவரை ஐந்து விநாடி முன்னே கொண்டுசென்ற மனமும் ஸ்பாவில் இடம் தேடிய மனமும் வேறல்ல. ஒன்றைப் புகழ்ந்து மற்றொன்றைப் பழிப்பது எனக்கு எளிதாக இல்லை.

அவ்வாண்டின் இறுதிச் சுற்று நம் நாட்டில் நடந்தது என்பது நம்மில் பலர் அறியாத செய்தி. டிசம்பர் 1-இல் ஷா ஆலாம், பத்து தீகா பாதையில் நடந்த சிலாங்கூர் 800 கிலோமீட்டர் பந்தயத்தை மாஸுடன் இணைந்து இக்ஸ் வென்றார். இவ்வுலகப் போட்டியில் அதுவே அவரது கடைசிப் பந்தயம். அப்பாதையும் இன்று இல்லை.

வண்டிகள் மட்டும் இருக்கின்றன. 1983-இல் லெ மான்ஸ் வென்ற 956 ஒன்று 2015-இல் ஒரு கோடி அமெரிக்க டாலருக்கு மேல் ஏலம் போனது. ஐரோப்பாவில் பழைய பந்தய மகிழுந்துகளுக்கென நடக்கும் போட்டிகளில், செல்வந்தர்கள் இவ்வகை வண்டிகளை வாங்கி ஓட்டுகிறார்கள். பெல்லோஃபின் 6:11.13 சாதனை 2018 ஜூன் 29 வரை, 35 ஆண்டுகள் நின்றது. அன்று அதை முறியடித்ததும் ஒரு போர்ஷேதான். பிளான்ஸ்கார்டன் பகுதியின் ஒரு வளைவுக்கு அவர் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள்.