ஜான் டிண்டல்

கண்ணுக்குத் தெளிவாயிருக்கும் பொருள் யாவும் உஷ்ணத்திற்கும் வழிவிடும் என்று நாம் எண்ணுவது இயல்பே. அஃது எத்துணைப் பிழையென்பதைச் சோதனையால் நிலைநாட்டியவர்களுள் ஜான் டிண்டல் முதன்மையானவர்.

இவர் அயர்லாந்து தேசத்து லெய்லின்பிரிட்ஜ் என்னும் ஊரில் 1820-ம் ஆண்டு போலீஸ் சேவகர் ஒருவரின் புதல்வராய்ப் பிறந்தார். நில அளவை இலாகாவில் ஊழியஞ் செய்கையில், ஊழியர் குறைகளை எடுத்து முறையிட்டமையால் வேலையை இழந்தார். பின்னர் இருப்புப்பாதை அளவையிலும் ஆசிரியத் தொழிலிலும் காலங்கழித்து, 1848-ல் ஜெர்மனி சென்று மார்பர்க் சர்வகலாசாலையில் பயின்று பட்டம் பெற்றார். 1853-ல் லண்டன் இராயல் இன்ஸ்டிட்யூஷனில், பாரடே என்னும் பேரறிஞர் பணியாற்றிய இடத்திலேயே, பேராசிரியரானார்.

1859-ல் இவர் வாயுக்களை ஆராயத் தொடங்கினார். இக்காலத்தார் அகச்சிவப்புக் கதிர் என வழங்கும் காணாக் கதிர்களை வாயுக்கள் உறிஞ்சுமோ என்பதே வினா. பித்தளைக் குழாயொன்றில் வாயுவை அடைத்து, ஒரு முனையிலிருந்து உஷ்ணத்தைச் செலுத்தினார். முனைகளைக் கண்ணாடியால் மூடியிருப்பின் உழைப்பெல்லாம் வீணாகியிருக்கும். கண்ணாடி ஒளியை விட்டு இக்கதிர்களிற் பெரும்பகுதியைத் தடுத்துவிடும். ஆதலின், இத்தாலியரான மெல்லோனி முன்னரே காட்டியபடி, மெருகிட்ட இந்துப்புத் தகடுகளைப் பொருத்தினார். நம் நாட்டு மருந்துக் கடையில் காசுக்குக் கிடைக்கும் அதே இந்துப்புத்தான்!

உலர்ந்த காற்றை நிரப்பியபோது கருவியின் முள் அசைந்ததாகவே தோன்றவில்லை. பிராணவாயுவும் நைட்ரஜனும் கதிர்களைத் தடையின்றி விட்டன. நீராவியும் கரியமிலவாயுவுமோ, நிறமற்றவையாயிருந்தும், அவற்றை உறிஞ்சின. இரவில் பூமி தன் வெப்பமனைத்தையும் இழந்து உறையாதிருப்பதற்கு நீராவியே பெருங்காரணமென இவர் துணிந்தார். எனினும், 1856-லேயே யூனிஸ் பூட் என்னும் அமெரிக்க மாது, கரியமிலவாயு நிறைத்த குழாய் வெயிலில் மிகுதியாய்ச் சூடேறுவதைக் கண்டு வெளியிட்டிருந்தார். அப்பெருமாட்டியின் பெயரைக் கூறாது விடுதல் முறையன்று.

மற்றொரு சோதனை வியப்பிற்குரியது. மின்விளக்கின் கதிர்களை ஆடியால் பிரதிபலிக்கச் செய்து ஒரு புள்ளியிற் குவித்து, இடையே அயோடின் கரைந்த கார்பன் டைசல்பைடு திரவத்தை வைத்தார். ஒளி முற்றும் மறைந்தது. ஆயினும் அவ்விருளில் நீட்டிய பிளாட்டினத் தகடு செந்தழலாய் ஒளிர்ந்தது! அக்குவியத்தில் தம் கண்ணையே வைத்துப் பார்த்தார், ஒன்றும் தெரியவில்லை. இத்துணிவை நம் மாணவர் பின்பற்றலாகாது.

1893-ம் ஆண்டு டிசம்பரில், நோயுற்றிருந்த இவருக்கு, மனைவி லூயிசா அம்மையார் மக்னீசியா என்றெண்ணிக் குளோரல் என்னும் உறக்க மருந்தை மிகுதியாய்க் கொடுத்துவிட்டார். அன்றே டிண்டல் மறைந்தார். அம்மையார் கணவரின் சரித்திரத்திற்கெனக் கடிதங்களையும் குறிப்புகளையும் திரட்டியவாறே 1940 வரை வாழ்ந்தார். அச்சரித்திரம் நூலாய் வெளிவந்தது 1945-ல்.