ஏணிக்குக் காவலிருந்த வேட்டைக்காரர்

1952-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் 5-ந் தேதி. ஆப்பிரிக்காக் கண்டத்தில் கென்யா தேசம். நையேரி என்ற சிறு பட்டணத்துக்கு அப்பால் அபர்தார் மலைக்காடு. காட்டின் நடுவே ஒரு குளம். குளக்கரையில் ஒரு பெரிய அத்தி மரம். அந்த மரத்தின் கிளைகளுக்கு இடையில், தரையிலிருந்து சுமார் 30 அடி உயரத்தில், பலகைகளால் கட்டிய ஒரு சிறு வீடு. ஏறுவதற்கு ஓர் ஏணி.

அன்று அந்த மர வீட்டில் தங்க வந்தவர்கள் சாமான்யர்கள் அல்ல. இங்கிலாந்தின் இளவரசி எலிசபெத்தும் அவர் கணவர் பிலிப்பும்தான் வந்திருந்தார்கள். குளத்துக்கு யானைக் கூட்டம் வந்தது. இருட்டியதும் காண்டாமிருகங்கள் வந்தன. இளவரசி மேல்தட்டில் இருந்தபடி சினிமாக் காமிராவில் படம் பிடித்தார். பிறகு எல்லோரும் உறங்கப் போனார்கள்.

ஒருவர் மட்டும் உறங்கவில்லை. ஏணியின் உச்சியில், துப்பாக்கியை மடியில் வைத்துக்கொண்டு, இருட்டைப் பார்த்தபடி இரவு முழுவதும் உட்கார்ந்திருந்தார். மரம் ஏறத் தெரிந்த சிறுத்தைகள் உலவும் காடு அது. காவலிருந்தவருக்கு அப்போது வயது 76.

பொழுது விடியுமுன், வெகு தூரத்தில் சாண்டிரிங்காம் மாளிகையில், ஆறாம் ஜார்ஜ் மன்னர் உறக்கத்திலேயே காலமானார். மரத்தில் ஏறும்போது இளவரசியாக இருந்தவர், இறங்கும்போது மகாராணி! ஆனால் அது அவருக்கே தெரியாது. அன்று பிற்பகல் சகானா என்ற இடத்தில் உள்ள விடுதியில்தான் செய்தி அவரை எட்டியது.

ஏணிக்குக் காவலிருந்த அந்தக் கிழவர் யார்? அவர் ஆப்பிரிக்காவில் பிறந்தவர் அல்ல. இங்கிலாந்தில் பிறந்தவரும் அல்ல. நமது நாட்டில், இமயமலைச் சாரலில் உள்ள நைனிடாலில் பிறந்தவர். அவர்தான் ஜிம் கார்பெட்!

காடே பள்ளிக்கூடம்

எட்வர்டு ஜேம்ஸ் கார்பெட் 1875-ம் ஆண்டு ஜூலை 25-ந் தேதி பிறந்தார். தந்தை நைனிடாலில் தபால் அதிகாரி. பெரிய குடும்பம். 1881-ல் தந்தை இறந்துவிட, குடும்பப் பாரம் முழுவதும் தாயின் தலையில் விழுந்தது. கோடையில் நைனிடாலிலும், குளிர்காலத்தில் மலையடிவாரத்தில் உள்ள காலாதுங்கியிலுமாக அந்தக் குடும்பம் வாழ்ந்தது.

காலாதுங்கிக் காடுதான் சிறுவன் ஜிம்முக்கு உண்மையான பள்ளிக்கூடம். எந்தப் பறவை எதைக் கண்டு கூவுகிறது, எந்த மான் எதற்காகக் கத்துகிறது, மண்ணில் பதிந்த காலடி எவ்வளவு நேரத்துக்கு முந்தியது என்பதையெல்லாம் அங்கே கற்றுக்கொண்டான். பிற்காலத்தில் அவர் உயிரைக் காப்பாற்றியது இந்தப் படிப்புதான்.

இருபது வயது நிரம்பு முன்பே குடும்பத்துக்காகச் சம்பாதிக்க வேண்டிய நிலை. ரயில்வேயில் சேர்ந்தார். பீகாரில், கங்கைக் கரையில் உள்ள மொகாமே காட் என்ற இடத்தில் சரக்குகளை ஒரு பாதையிலிருந்து இன்னொரு பாதைக்கு மாற்றி ஏற்றும் காண்டிராக்டு கிடைத்தது. கூலியாட்களோடு தாமும் மூட்டை சுமந்து, 20 ஆண்டுகளுக்கு மேல் அங்கே உழைத்தார். முதல் உலக யுத்தத்தின்போது குமாவோன் மலையில் 500 பேரைத் திரட்டி, 1917-ல் பிரான்சுக்கு அழைத்துப் போனார். ஒருவரைத் தவிர மற்ற எல்லோரையும் ஊர் கொண்டு வந்து சேர்த்தார்.

மலையடிவாரத்தின் பயம்

ஆனால் அவர் பெயரை உலகம் அறிந்தது இதனால் அல்ல. ஆட்கொல்லிப் புலிகளால்தான்.

மலையை அண்டி வாழ்கிறவர்களுக்குக் காடு என்பது வேடிக்கை பார்க்கும் இடம் அல்ல. ரிஷிவந்தியம் வட்டாரத்து மக்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. மேற்கே கல்வராயன் மலை. அந்த மலையின் மக்கள் தேனுக்கும் கடுக்காய்க்கும் காட்டுக்குள் போய்த்தான் ஆக வேண்டும். அடிவாரத்தில் மரவள்ளி போட்டவனுக்குக் காட்டுப்பன்றி கண்ணில் படாத இரவே நல்ல இரவு. குமாவோன் மலை மக்களின் பிழைப்பும் அப்படித்தான். மாட்டுக்குப் புல் அறுக்கவும் விறகு பொறுக்கவும் பெண்கள் தினமும் காட்டுக்குப் போயாக வேண்டும். அங்கே ஒரு புலி மனித மாமிசத்தைப் பழகிக்கொண்டால் என்ன ஆகும்?

சம்பாவத் என்ற பகுதியில் அதுதான் நடந்தது. ஒரு பெண் புலி நேபாளத்தில் 200 பேரையும், குமாவோனில் 236 பேரையும் கொன்றதாகக் கணக்கு. ஜனங்கள் கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள்ளே முடங்கினார்கள். கதிர் முற்றிய வயல்கள் அறுக்க ஆளின்றிக் கிடந்தன. 1907-ல் அதைச் சுடும்படி கார்பெட்டைக் கேட்டுக்கொண்டார்கள். அவர் இரண்டு நிபந்தனைகள் போட்டார். புலிக்கு அறிவித்த பரிசுப் பணத்தை ரத்து செய்ய வேண்டும். மற்ற வேட்டைக்காரர்களைத் திருப்பி அழைத்துக்கொள்ள வேண்டும். கூலிக்குக் கொல்கிறவன் என்ற பெயர் தமக்கு வேண்டாம் என்பது அவர் எண்ணம்.

தாசில்தார் சுமார் 300 கிராமவாசிகளைத் திரட்டினார். அவர்கள் மேளம் கொட்டியும், கூச்சலிட்டும், கல்லை உருட்டியும் புலியைக் கிளப்பினார்கள். கார்பெட் கொண்டுபோன தோட்டாக்கள் தீர்ந்துபோயின. காயம்பட்ட புலி எதிரே நிற்கிறது! ஓடிப்போய்த் தாசில்தாரின் பழைய துப்பாக்கியை வாங்கிவந்து சுட்டார். புலி சாய்ந்தது.

அதன் வாயைத் திறந்து பார்த்தபோது ஓர் உண்மை புலப்பட்டது. வலது பக்கத்துக் கோரைப் பற்கள் உடைந்திருந்தன. எப்போதோ, யாரோ சுட்ட குண்டின் வேலை அது. மானைப் பிடிக்க முடியாமல் போன புலி மனிதனைப் பிடித்திருக்கிறது! முக்தேசர் என்ற ஊரில் அவர் சுட்ட இன்னொரு பெண் புலியின் உடம்பில் முள்ளம்பன்றியின் முட்கள் ஏராளமாகக் குத்தி இறங்கியிருந்தன. ஒரு கண்ணும் போயிருந்தது. புலி பிறவியிலேயே மனிதனுக்கு எதிரி அல்ல. காயமும் முதுமையும் பசியும்தான் அதை ஆட்கொல்லியாக்குகின்றன என்று கார்பெட் கண்டார். கடைசி வரையில் இதை எழுதியும் பேசியும் வந்தார்.

பத்ரிநாத், கேதார்நாத் யாத்திரைப் பாதையில் எட்டு ஆண்டுகள் பயங்கரம் செய்த ருத்திரப்பிரயாகைச் சிறுத்தையை 1926-ல் சுட்டார். அது தின்றவர்கள் 125 பேர் என்பது சர்க்கார் கணக்கு. 1938-ல், தமது 63-ம் வயதில், தாக் என்ற மலைக்கிராமத்தில் கடைசி ஆட்கொல்லியை வீழ்த்தினார்.

துப்பாக்கி போய் காமிரா

இதற்குள் கார்பெட்டின் மனம் மாறிவிட்டது. பொழுதுபோக்குக்காகச் சுடுவது அவருக்குக் கசந்தது. சாம்பியன் என்ற காட்டிலாகா அதிகாரி, இரவில் கம்பி கட்டிப் புலியே தன்னைப் படமெடுத்துக்கொள்ளும்படி காமிராவை அமைத்தவர். அவரைப் பார்த்துக் கார்பெட்டும் காமிராவைக் கையில் எடுத்தார். சினிமாக் காமிரா ஓடும் சத்தம் கேட்டுப் புலிகள் மிரண்டன. அதற்கு அவர் ஒரு யுக்தி செய்தார். ஓடையில் சிறு சிறு அணைகள் கட்டி, தண்ணீர் விழும் ஓசையில் காமிராவின் ஓசை மறையும்படி செய்தார். மாதக்கணக்கில் காத்திருந்து, பல புலிகளை ஒன்றாகப் படம் பிடித்தார்.

இந்தியாவின் முதல் தேசியப் பூங்கா 1936-ல், கவர்னராக இருந்த ஹெய்லியின் பெயரில் அமைந்தது. அதன் எல்லையை வகுப்பதில் கார்பெட்டுக்குப் பெரும் பங்கு உண்டு. 1944-ல் 'குமாவோன் ஆட்கொல்லிகள்' என்ற அவரது புத்தகம் வெளிவந்து உலகெங்கும் பரவியது.

நாடு விட்டு நாடு

காலாதுங்கிக்கு அருகே சோட்டி ஹல்த்வானி என்ற கிராமத்தை 1915-ல் அவர் விலைக்கு வாங்கியிருந்தார். குடியானவர்களுக்கு நிலமும் வீடும் ஏற்படுத்தித் தந்தார். காட்டுப்பன்றி பயிரை அழிக்காதபடி, ஊரைச் சுற்றிக் கல் மதில் எழுப்பினார். அவரும் அவர் சகோதரி மாகியும் கலியாணம் செய்துகொள்ளவில்லை. அந்த ஊரே அவர்களுக்குக் குடும்பம்.

1947 வந்தது. நாடு விடுதலை பெற்றது. வெள்ளைக்காரர்களாகிய தங்களுக்குப் புதிய இந்தியாவில் என்ன இடம் இருக்குமோ என்ற கவலை இருவரையும் பிடித்தது. மூப்பு வேறு. நைனிடால் வீட்டை விற்றார்கள். கிராமத்து நிலங்களை உழுதவர்களுக்கே விட்டார்கள். ஆண்டு இறுதியில் பம்பாயில் கப்பலேறி மொம்பாசா போய்ச் சேர்ந்தார்கள். 72 வயதில், பிறந்த மண்ணை விட்டு ஒரு பிரயாணம்! கார்பெட் திரும்பி வரவே இல்லை.

சபாரி என்னும் உல்லாசம்

மொம்பாசாவிலிருந்து உள்நாட்டுக்குப் போகும் ரயில் பாதை இந்தியத் தொழிலாளர்கள் போட்டது. 1896 முதல் 1901 வரை, 30 ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் அங்கே போய் உழைத்தார்கள். 1898-ல் சாவோ என்ற இடத்தில் இரண்டு சிங்கங்கள் கூடாரம் புகுந்து அவர்களை இழுத்துப் போன கதை உலகப் பிரசித்தம்.

அந்த ரயிலில்தான் பிறகு பணக்காரர்கள் வேட்டைக்கு வந்தார்கள். சபாரி என்றால் சுவாஹிலி மொழியில் பிரயாணம் என்று பொருள். அமெரிக்க ஜனாதிபதி பதவியிலிருந்து இறங்கியதும் தியோடர் ரூஸ்வெல்ட் 1909-ல் சபாரி வந்தார். கூடாரம், குளிக்கும் தொட்டி, புத்தகப் பெட்டி எல்லாவற்றையும் 200-க்கு மேற்பட்ட சுமைகூலிகள் தலையில் சுமந்தார்கள். அவரும் அவர் மகனும் சுட்ட மிருகங்கள் 500-க்கு மேல்!

நையேரியில் அவுட்ஸ்பன் என்ற ஓட்டலை நடத்திய எரிக் வாக்கர் வேறு விதமாக யோசித்தார். சுடுவதற்கு அல்ல, பார்ப்பதற்கு மட்டும் ஓர் இடம் வேண்டும் என்று 1932-ல் அத்தி மரத்தில் வீடு கட்டினார். அதன் பெயர் டிரீடாப்ஸ். விருந்தாளிகள் காட்டுக்குள் நடந்து வர வேண்டும். துப்பாக்கி ஏந்திய வழிகாட்டி கூடவே வருவார். வழியில் யானை குறுக்கிட்டால் ஏறித் தப்புவதற்கு மரங்களில் ஏணிகள் உண்டு. மேலே போய்விட்டால் சூடான சாப்பாடு, படுக்கை, கீழே குளத்தில் விடிய விடிய மிருகக் காட்சி. ஆனால் வாய் திறக்கக் கூடாது!

கார்பெட்டும் மாகியும் அவுட்ஸ்பன் தோட்டத்தில் ஒரு சிறு வீட்டில் குடியிருந்தார்கள். சாரணர் இயக்கத்தைத் தோற்றுவித்த பேடன் பவல் தமது கடைசிக் காலத்தைக் கழித்த வீடு அது. டிரீடாப்ஸ் விருந்தாளிகளுக்குக் கார்பெட் துணை போனார். சபாரிலாண்டு என்ற பிரயாணக் கம்பெனியோடும் அவருக்குத் தொடர்பு இருந்தது. ஆட்கொல்லிகளைத் தேடி அலைந்தவர், இப்போது மிருகத்துக்கும் மனிதருக்கும் நடுவில் காவலாளி. விருந்தாளிக்குக் கீறல் படக் கூடாது. மிருகமும் குண்டுபட்டுச் சாகக் கூடாது. இரண்டும் நடந்தால்தான் நல்ல வழிகாட்டி.

மரம் எரிந்தது

அந்த உல்லாசத்துக்கு வெளியே இன்னொரு கென்யா இருந்தது. வெள்ளையர் எடுத்துக்கொண்ட நிலத்துக்காகக் கிகுயு மக்கள் கொதித்தார்கள். 1952-ல் மாவ் மாவ் போராட்டம் மூண்டு, அவசர நிலை அறிவிக்கப்பட்டது. நையேரி அதன் நடுநாயகம். 1954-ல் போராளிகள் டிரீடாப்ஸ் மர வீட்டுக்குத் தீ வைத்தார்கள். ஓர் அரச வாழ்வு தொடங்கிய அந்த வீடு சாம்பலாயிற்று. இந்தியாவில் விடுதலையின் மறுநாள் என்ன ஆகுமோ என்று அஞ்சி வந்தவர், இங்கே விடுதலைப் போரின் நடுவில் அகப்பட்டுக்கொண்டார்!

அந்த மரத்தைப் பற்றிய ஒரு சிறு புத்தகமே கார்பெட் கடைசியாக எழுதியது. அது அச்சாகி வருமுன், 1955-ம் ஆண்டு ஏப்ரல் 19-ந் தேதி, மாரடைப்பால் நையேரியில் காலமானார். அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார்.

விடுதலை பெற்ற இந்தியா அவரை மறக்கவில்லை. அவர் எல்லை வகுத்த தேசியப் பூங்காவுக்கு அவர் பெயரையே சூட்டியது. தமக்கு இடம் இருக்குமோ என்று அவர் கலங்கிய நாட்டில் ஒரு காடே அவருக்கு இடமாயிற்று! 1973-ல் புலிப் பாதுகாப்புத் திட்டம் தொடங்கியதும் அந்தக் காட்டில்தான். கென்யாவும் 1977-ல் வேட்டையைத் தடை செய்தது. சபாரிக்குப் போகிறவர் கையில் துப்பாக்கி போய், காமிரா வந்துவிட்டது. சோட்டி ஹல்த்வானி மதில் அவர் பெயரைச் சொல்லி நிற்கிறது. காலாதுங்கி வீடு கண்காட்சிச் சாலை ஆகிவிட்டது.

கல்வராயன் மலைக்கும் மேகம் அருவியையும் பெரியார் அருவியையும் பார்க்க ஜனங்கள் வருகிறார்கள். அங்கே மர வீடும் இல்லை, மகாராணியும் வரப்போவதில்லை. ஆனால் கார்பெட் கற்றுத் தந்த பாடம் அந்த மலைக்கும் பொருந்தும். காட்டில் நாம் விருந்தாளிகள். சத்தமின்றிப் போய், சேதமின்றித் திரும்ப வேண்டும். ரிஷிவந்தியம் அர்த்தநாரீசுவரருக்குத் தேன் அபிஷேகம் விசேஷம் என்பார்கள். தேன் வேண்டுமானால் பூ வேண்டும். பூ வேண்டுமானால் காடு வேண்டும். அதற்கும் யாராவது ஒருவர் விழித்திருந்து காவலிருக்கத்தான் வேண்டும்.